மலிவான வீட்டின் விலை: துறவி நண்டும் கண்ணாடிப் பெட்டியும்

1829ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு நிகழ்வுகள் நடந்தன. லண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த நத்தானியல் பாக்ஷா வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவருடைய நோக்கம். ஆனால் அவர் கண்டது வேறு. மண்ணிலிருந்து ஆவியான நீர் கண்ணாடிச் சுவரில் துளிகளாகப் படிந்து மண்ணுக்கே திரும்பியது. அந்த ஈரத்தில் பெரணி ஒன்றும் சிறிது புல்லும் தாமாக முளைத்தன. நிலக்கரிப் புகை மண்டிய லண்டன் காற்றில் அவர் வளர்க்க முயன்று தோற்றிருந்ததும் பெரணியைத்தான். அதே ஆண்டில் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் பியேர் ஆந்த்ரே லத்ரேய், நிலத்தில் வாழும் துறவி நண்டுகளுக்குச் ‘சீனோபிட்டா’ என்னும் பேரினப் பெயரைச் சூட்டினார்.

மூடிய கண்ணாடிக்குள் ஈரம் நிலைக்கும் என்ற அறிவும், அவ்வீரம் இன்றி உயிர்வாழ இயலாத நண்டின் அறிவியற் பெயரும் ஒரே ஆண்டில் பிறந்தன. இவ்விரண்டும் ஒரு வீட்டு மேசையின்மேல் முறையாகச் சந்திப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. வளர்ப்புத் துறவி நண்டுக்கு மலிவான இருப்பிடத்தை எவ்வாறு அமைப்பது என்பது செல்லப்பிராணி வளர்ப்போர் இன்று எழுப்பும் சாதாரணக் கேள்வி. அதன் பின்னே நிற்கும் வரலாறு அத்துணைச் சாதாரணமானதன்று. பெட்டியின் விலை குறைந்த ஒவ்வொரு காலத்திலும் செலவு குறைந்துவிடவில்லை; அதைச் சுமந்தவர் மட்டுமே மாறினார் என்பதே அவ்வரலாறு காட்டும் உண்மை.

1. தனித்துறவியா, மடத்துத் துறவியா?

துறவி நண்டின் முன்னுடல் ஏனைய நண்டுகளைப் போலக் கடினமானது. பின்னுடலோ மென்மையானது, சுருண்டது, பாதுகாப்பற்றது. ஆகவே இறந்த கடல் நத்தைகளின் வெற்று ஓட்டுக்குள் அது தன் பின்னுடலை நுழைத்துக்கொண்டு வாழ்கிறது. உடல் வளர வளரப் பெரிய ஓட்டைத் தேடி மாறியாக வேண்டும். குகைக்குள் ஒடுங்கிய தனித்துறவியை இக்காட்சி நினைவூட்டியதால் ஐரோப்பிய மொழிகளில் அதற்கு அப்பெயர் அமைந்தது. லத்ரேய் தேர்ந்த சொல் இதற்கு நேர்மாறானது. சீனோபிட்டா என்பது மடத்தில் கூடிவாழும் துறவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நிலத் துறவி நண்டுகள் கடற்கரைகளில் கூட்டமாகத் திரிபவை என்பதால் பின்னதே பொருத்தமான பெயர்.

நிலத்தில் வாழ்ந்தாலும் இவ்வுயிரி கடலை முற்றாகத் துறக்கவில்லை. பெண் நண்டு கடலோரத்துக்குச் சென்று முட்டைகளை நீரில் விடுகிறது. இளவுயிரிகள் கடலில் மிதந்து பல பருவங்களைக் கடந்து, சிறு ஓடுகளைப் பற்றிக்கொண்டு கரையேறுகின்றன. வளர்ந்த நண்டு மாற்றமடைந்த செவுள்களின் வழியே சுவாசிக்கிறது. அவை காய்ந்துவிட்டால் மூச்சுவிட இயலாது. அதனால் ஓட்டுக்குள் எப்போதும் சிறிது நீரைச் சுமந்து திரிகிறது. தோலுரிக்கும் காலம் வந்ததும் ஈரமணலுக்குள் புதைந்து வாரக்கணக்கில் மறைந்திருக்கிறது. ஈரக்காற்று, ஆழமான ஈரமணல், நன்னீர், உப்புநீர், மாற்று ஓடுகள், உடன்வாழும் துணை: இவ்வாறே அதன் தேவைகள் நீள்கின்றன. இவற்றில் எதுவும் ஆடம்பரமன்று. ஆயினும் இப்பட்டியல் முழுவதும் ஒரே பெட்டிக்குள் வந்துசேர நெடுங்காலம் பிடித்தது.

2. மெசினாவும் வெஸ்ட்மினிஸ்டரும்

கடலுயிரியை அடைத்துவைத்து ஆராயும் முறைக்கு முன்னோடிகளாக விளங்கியோருள் பெண்கள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ழான் வில்ப்ரூ-பவர். பிரான்சில் பிறந்து, தையற்கலைஞராகப் பணியாற்றி, திருமணத்துக்குப் பின் சிசிலியின் மெசினாவில் குடியேறியவர். பேய்க்கணவாய் இனத்தோடு உறவுடைய ஆர்கோநாட் என்னும் உயிரி மெல்லிய அழகிய ஓட்டுக்குள் வாழ்கிறது. அவ்வோட்டை அது தானே உருவாக்குகிறதா, துறவி நண்டைப் போல வேறோர் உயிரியின் ஓட்டை எடுத்துக்கொள்கிறதா என்பது அக்கால அறிஞரிடையே தீராத வழக்காக இருந்தது. 1832ஆம் ஆண்டு முதல் அவர் கடலில் நிறுத்திய கூண்டுகளிலும் கண்ணாடித் தொட்டிகளிலும் ஆர்கோநாட்டை வளர்த்து நோக்கினார். ஓட்டை அதுவே சுரந்து உருவாக்குகிறது என்று நிறுவினார். துறவி நண்டோடு ஒப்பிட்டு எழுப்பப்பட்ட ஒரு கேள்வி, கடலுயிரித் தொட்டியின் பிறப்புக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

மற்றவர் ஆனா தின். இவர் லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தின் துணைத் தலைமைக்குருவின் மனைவி. 1846இல் டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடல் தொலைவில் இருந்தது. நீரை நாள்தோறும் மாற்றுவது இயலாது. எனவே திறந்த சாளரத்தின் முன்னே அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றும் முறையைக் கையாண்டார். நாளொன்றுக்கு அரைமணி முதல் முக்கால்மணி நேரம் பிடித்த அச்சலிப்பூட்டும் வேலையைச் செய்தவள் அவ்வீட்டின் பணிப்பெண். இதை ஆனா தின்னே தம் குறிப்பில் பதிவு செய்துள்ளார். அப்பெண்ணின் பெயர் வரலாற்றில் நிலைபெறவில்லை. வீட்டுக்குள் கடலை வைத்திருப்பதன் செலவு முதலில் வேறொருவரின் கைகளில் இறங்கியதற்கு இது தெளிவான சான்று.

அடுத்த படியை வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் எடுத்து வைத்தார். நீர்த்தாவரம், தங்கமீன், நத்தை ஆகிய மூன்றையும் ஒரே கலத்தில் இட்டால், தாவரம் உயிர்வளியைத் தரும், நத்தை அழுகலை உண்ணும், நீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்று 1850இல் விளக்கினார். சமநிலை என்ற கருத்தாக்கம் தொட்டிக்குள் நுழைந்தது. பணிப்பெண்ணின் உழைப்பைத் தாவரம் ஏற்றது.

3. கண்ணாடி மலிந்த காலம்

அறிவு இருந்தும் பொருள் மலியாதவரை இம்முயற்சிகள் செல்வர் வீட்டுப் பொழுதுபோக்காகவே இருந்திருக்கும். இங்கிலாந்தில் கண்ணாடிமீது நூறாண்டு காலம் ஆயத்தீர்வை விதிக்கப்பட்டிருந்தது. 1845இல் அது நீக்கப்பட்டதும் கண்ணாடியின் விலை வீழ்ந்தது. 1851இன் பெருங்கண்காட்சிக்காக எழுந்த படிக மாளிகை அம்மாற்றத்தின் பேருருவம் என்றால், நடுத்தர வகுப்பினரின் கூடத்து மேசையில் அமர்ந்த தொட்டி அதன் சிற்றுருவம். 1853இல் லண்டன் ரீஜண்ட் பூங்காவின் விலங்கியல் தோட்டத்தில் மீன்மனை திறக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு வகித்த பிலிப் ஹென்றி காஸ் 1854இல் வெளியிட்ட நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லையே மக்கள் வழக்காக்கியது.

கடற்கரையிலிருந்து தொலைவில் வாழ்வோருக்காகச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் காஸ் வகுத்தார். சமையலுப்பு மட்டும் போதாது. மக்னீசியம் சல்பேட், மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றையும் அளவறிந்து சேர்க்க வேண்டும் என்று அவர் காட்டினார். கடல்நீர் என்பது வெறும் உப்புக்கரைசல் அன்று என்ற இப்பாடம் பின்னர் மறக்கப்பட்டு மீண்டும் கற்கப்பட்டது.

காஸின் தொட்டிகளில் துறவி நண்டு விருப்பமான குடியிருப்பாளர். ஓட்டின்மேல் கடற்சாமந்தியைச் சுமந்து திரியும் ஒருவகைத் துறவி நண்டைப் பற்றி அவர் எழுதியவை இன்றும் வாசிக்கத்தக்கவை. பெரிய ஓட்டுக்கு இடம்பெயரும்போது அந்நண்டு தன் பழைய ஓட்டிலிருந்து சாமந்தியைப் பிரித்தெடுத்துப் புதிய ஓட்டில் அமர்த்திக்கொள்வதை அவர் தொட்டியில் கண்டு, 1865இல் வெளிவந்த கடற்கரை நூலில் விரிவாக விளக்கினார். மாற்று ஓடு இல்லாத தொட்டியில் இந்நிகழ்ச்சி நடந்திருக்கவே முடியாது. நண்டுக்குத் தெரிவுசெய்யும் வாய்ப்பை அளித்ததனால்தான் அந்த அறிவு பிறந்தது.

4. கரை செலுத்திய விலை

மலிந்த கண்ணாடி, இருப்புப்பாதை, மலிவுப் பதிப்பு நூல்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து 1850களின் பிற்பகுதியில் ஒரு பெரும் மோகத்தைத் தூண்டின. விடுமுறைக்குக் கடற்கரை சென்றோர் உளியும் சாடியுமாகப் பாறைக்குட்டைகளை மொய்த்தனர். லண்டனில் வில்லியம் அல்போர்டு லாயிட் நடத்திய கடை தொட்டிகளையும் உயிரிகளையும் கடல்நீரையும் விற்றது. கரையில் ஒன்றும் கொடுக்காமல் எடுக்கத்தக்க உயிரியாகத் துறவி நண்டு கருதப்பட்டது. தொட்டியில் ஓர் உயிர் இறந்து நீர் அழுகினால் அடுத்த கோடையில் புதியவற்றைக் கொண்டுவரலாம் என்பதே பலருடைய கணக்கு. சமநிலைத் தொட்டியின் நுட்பம் நூலில் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் இல்லை.

அதன் விளைவை காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் வருத்தத்தோடு பதிவு செய்தார். தந்தையும் தாமும் கண்ட பாறைக்குட்டைகளின் எழில், அறிவார்வம் கொண்ட கூட்டத்தின் கைகளாலேயே சூறையாடப்பட்டது என்பது அவர் கூற்று. தம் நூல்களே அக்கூட்டத்தைக் கரைக்கு அழைத்தன என்ற உணர்வு தந்தையைத் துன்புறுத்தியதையும் அவர் மறைக்கவில்லை. பெட்டி மலிந்தது, பணிப்பெண்ணின் கை ஓய்ந்தது, இம்முறை விலையைச் செலுத்தியது கரை.

5. கம்பிக் கூண்டின் யுகம்

கடலில் வாழும் துறவி நண்டுக்குக் கடல்நீர்த் தொட்டி வேண்டும். நிலத்தில் வாழும் இனத்துக்கு அது தேவையில்லை என்ற எண்ணமே இருபதாம் நூற்றாண்டு வணிகத்தின் அடித்தளமாயிற்று. 1970கள் முதல் அமெரிக்காவின் கடற்கரை நகரங்களில் நிலத் துறவி நண்டு விடுமுறை நினைவுப்பொருளாக விற்பனைக்கு வந்தது. கரீபியன் கரைகளில் பிடிக்கப்பட்ட நண்டு, பளபளக்கும் வண்ணம் பூசிய ஓடு, சிறு கம்பிக் கூண்டு, அடியில் ஒரு விரற்கடைச் சரளை, ஒரு துண்டு ஈரப்பஞ்சு: இவ்வளவுதான் அதற்குரிய ‘வீடு’. குழந்தையின் கைச்செலவுப் பணத்தில் அடங்கும் உயிர் என்பதே அதன் கவர்ச்சி.

கம்பிக் கூண்டில் ஈரம் நிற்காது. செவுள்கள் மெல்லக் காயும். சரளையில் புதைய இயலாது. ஆகவே முறையாகத் தோலுரிக்க வழியில்லை. நண்டின் இறப்பு உடனே நிகழ்வதில்லை. வாரங்களாக, மாதங்களாக நீள்கிறது. அசையாமல் கிடக்கும் உயிரைக் கண்டு அதன் இயல்பே சோம்பல் என்று எண்ணிக்கொள்வோர் பலர். தக்க சூழலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிரி, ஓராண்டுக்கும் குறைவாக வாழும் பொருள் என்ற பெயரைப் பெற்றது இவ்வாறே. வார்டின் புட்டி 1829இல் கற்பித்த பாடத்தை இக்கூண்டு மறந்திருந்தது. மறதிக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. இறந்த நண்டுக்குப் பதிலாக இன்னொன்றை வாங்குவது, நல்ல பெட்டி ஒன்றை வாங்குவதைவிட மலிவாக இருந்ததும் காரணம்.

இவ்வணிகத்துக்கு வேறொரு முகமும் உண்டு. இளவுயிரிகளுக்குக் கடல் வேண்டியிருப்பதால் அடைப்பில் இனப்பெருக்கம் செய்விப்பது மிகக் கடினம். அண்மைக் காலத்தில் ஆர்வலர் சிலர் அதில் வெற்றி கண்டுள்ளனர் எனினும், விற்பனைக்கு வரும் நண்டுகள் ஏறத்தாழ அனைத்தும் இயற்கையிலிருந்து பிடிக்கப்பட்டவையே. ஜப்பான் தன் நிலத் துறவி நண்டுகளை 1970இலேயே இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. நிலத் துறவி நண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்ததும், இளமையில் ஓடு சுமந்து பின்னர் அதைத் துறப்பதுமான தென்னை நண்டு அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்கிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது.

6. ஓட்டுச் சந்தை

துறவி நண்டின் வீட்டுச்சிக்கல் மனிதர் உருவாக்கிய கூண்டோடு தொடங்கவில்லை. கரையிலேயே நல்ல ஓடு அரிய பொருள். சமூகவியலர் ஹாரிசன் வைட் 1970இல் வெளியிட்ட நூலில், ஒரு பதவி காலியானால் அதைத் தொடர்ந்து பல காலியிடங்கள் சங்கிலியாக நகர்வதை விளக்கினார். மற்றொரு சமூகவியலரான இவான் சேஸ் அதே சங்கிலியை 1980களில் துறவி நண்டுகளிடம் கண்டார். கரையில் ஒரு பெரிய வெற்று ஓடு கிடைத்தால், அதற்குள் ஒரு நண்டு குடியேறும். அது விட்ட ஓட்டுக்கு அடுத்தது வரும். அதன் ஓட்டுக்கு இன்னொன்று. ஒரு வீடு பலருடைய வாழ்வைச் சற்றே உயர்த்தும். மனிதரின் வீட்டுவசதியை ஆராயவும் பயன்பட்ட கோட்பாட்டுக்கு, ஒரு குட்டையின் நண்டுகள் உயிருள்ள சான்றாயின.

நிலத் துறவி நண்டுகளிடம் இச்சார்பு இன்னும் ஆழமானது. அவை ஓட்டின் உட்புறத்தை அரித்தும் குடைந்தும் இடத்தை விரிவாக்குகின்றன. அவ்வாறு செப்பனிடப்பட்ட ஓடு தலைமுறைதோறும் கைமாறுகிறது என்று கோஸ்டாரிகாவின் கரையில் ஆய்வு நிகழ்த்திய மார்க் லெய்டர் விளக்கியுள்ளார். வளர்ந்த நண்டுக்குத் தேவையான ஓடு பெரும்பாலும் முன்னொரு நண்டு வாழ்ந்து விட்டுச்சென்றதே. கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே வாழ அதனால் முடியாது. லத்ரேய் சூட்டிய பெயர் அவர் நினைத்ததைவிடப் பொருள் பொதிந்ததாகிறது.

பெர்முடா தீவின் கதை இதற்கு வலுச்சேர்க்கும். அங்குள்ள நிலத் துறவி நண்டுகளுக்குப் பெரிய ஓடுகளை வழங்கிய கடல் நத்தையை மனிதர் உணவுக்காகப் பிடித்துத் தீர்த்தனர். அதன்பின் மணற்குன்றுகளிலிருந்து வெளிப்பட்ட புதைபடிவ ஓடுகளையே நண்டுகள் நாடின. 1982இல் அந்நத்தை வேறு தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டு மீண்டும் அங்குக் குடியமர்த்தப்பட்டது. இன்று ஓட்டுத் தட்டுப்பாட்டுக்கு மாற்றாகக் குப்பை வந்து நிற்கிறது. சமூக ஊடகங்களில் வெளியான ஒளிப்படங்களை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வொன்று, செயற்கைப் பொருள்களை ஓடாக அணிந்த 386 நிலத் துறவி நண்டுகளை அடையாளம் கண்டது. அவற்றுள் பெரும்பாலானவை அணிந்திருந்தவை நெகிழி மூடிகள். நினைவுப்பொருளுக்காகவும் அலங்காரத்துக்காகவும் கரையிலிருந்து அள்ளப்படும் ஒவ்வொரு சங்கும், யாரோ குடியேற வேண்டிய வீடு என்ற உண்மையை இப்பின்னணியிலேயே காண வேண்டும்.

7. ஒழுகும் தொட்டியின் பெருமை

கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ப்போர் தம் தோல்விகளைத் தாமே பகிர்ந்துகொண்டு உருவாக்கிய நடைமுறை இன்று ஓரளவு நிலைபெற்றுள்ளது. அதன் சிறப்பு, அது விலையுயர்ந்ததாக இல்லாமலிருப்பதே. நண்டுக்கு வேண்டிய பெட்டி பழைய மீன்தொட்டியாக இருக்கலாம். ஒட்டு விட்டுப்போய் நீர் ஒழுகுவதால் மீன் வளர்ப்போர் கழித்துவிடும் தொட்டி, மணலும் ஈரமும் நிறைந்த இவ்வீட்டுக்குப் போதும். மேலே கண்ணாடித் தகடு ஒன்றை வைத்து மூடினால் வார்டின் புட்டி மீண்டும் பிறக்கிறது. உள்ளே ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடு வரையும் வெப்பம் 24 முதல் 29 பாகை செல்சியசு வரையும் இருக்க வேண்டும். இவற்றை அளக்கும் கருவிக்குச் செலவிடத் தயங்கக் கூடாது. குளிர்நாடுகளில் வெப்பத்தகடு ஒன்றைத் தொட்டியின் பக்கச்சுவரில், மணல்மட்டத்துக்கு மேலாக ஒட்டுவது வழக்கம்.

அடித்தளத்துக்குப் பெரும்பங்கு மணலும் சிறுபங்கு தென்னை நார்த்துகளும் கலந்து, மணற்கோட்டை கட்டும் பதத்தில் நனைக்கப்படுகின்றன. ஆழம் ஆறு அங்குலத்துக்குக் குறையலாகாது. பெரிய நண்டின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு என்பது பொதுவான அளவு. இந்நார்த்துகளுக்குத் தனி வரலாறு உண்டு. கேரளத்திலும் தமிழகத்திலும் கயிற்றுத் தொழிற்களங்களின் அருகே நெடுங்காலம் மலையாகக் குவிந்து கிடந்த கழிவு அது. இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு உலகெங்கும் செல்கிறது. பொள்ளாச்சியில் உரித்த தேங்காயின் மட்டை, எங்கோ ஒரு வீட்டில் கரீபியன் நண்டு புதைந்து தோலுரிக்கும் மண்ணாகிறது. தென்னை நிழலில் வாழும் உயிரிக்கு அது அந்நியமான பொருளன்று.

நீர்க்கிண்ணங்கள் இரண்டு வேண்டும். நண்டு முழுகுமளவு ஆழமும், ஏறிவரப் படியும் அவற்றுக்குத் தேவை. ஒன்றில் குளோரின் நீக்கிய நன்னீர். குளோரினை நீக்கும் சோடியம் தயோசல்பேட் மிக மலிவான வேதிப்பொருள். மற்றொன்றில் கடலுப்புக் கலவையால் ஆன நீர். இங்கே சமையலுப்பு பயன்படாது என்ற காஸின் பழைய பாடம் திரும்ப வருகிறது. ஒவ்வொரு நண்டுக்கும் வண்ணம் பூசாத மாற்று ஓடுகள் சிலவேனும் பலவேறு அளவுகளில் இருக்க வேண்டும். உணவு சமையலறையிலேயே கிடைக்கும்: உப்பிடாத தேங்காய், பழம், கீரை, மீன், பொடித்த முட்டையோடு. புதைந்த நண்டைத் தோண்டிப் பார்க்காதிருப்பது செலவே இல்லாத பராமரிப்பு. பலருக்கு அதுவே கடினமானதும்கூட.

மலிவு என்ற சொல்லுக்கு இவ்வரலாற்றில் இரு பொருள்கள் உள. கம்பிக் கூண்டின் மலிவு, நண்டின் ஆயுளிலிருந்து கழித்துப் பெற்றது. ஒழுகும் தொட்டியின் மலிவு, வளர்ப்பவரின் பொறுமையையும் அறிவையும் கூட்டிப் பெற்றது. முன்னதில் வாங்கும் நாளில் மட்டும் செலவு குறைவு. பின்னதில் முப்பது ஆண்டுப் பொறுப்பை முன்னறிந்து ஏற்க வேண்டும். அதை ஏற்க இயலாதவர் வாங்காமல் இருப்பதே யாவற்றினும் மலிவானது. ஆனா தின் வீட்டுப் பணிப்பெண், டெவன் கரையின் பாறைக்குட்டை, கூண்டில் காய்ந்த நண்டு ஆகிய மூன்றும் ஒரே கணக்கேட்டின் வெவ்வேறு பக்கங்கள். அக்கணக்கை வளர்ப்பவரின் பெயருக்கே மாற்றி எழுதும்போதுதான், அப்பெட்டி வீடு என்ற பெயருக்கு உரியதாகிறது.